கட்டிலுக்கடியில் பெட்டி சேராமல் முதல் கதைப் புத்தகம் போட

கையில் பத்துப் பன்னிரண்டு சிறுகதைகள் இருக்கின்றன. நாலைந்து இதழ்களுக்கு அனுப்பியாயிற்று, பதில் இல்லை. ஒரு பதிப்பகம் ‘பார்க்கலாம்’ என்றது. இன்னொன்று ‘முந்நூறு பிரதியை நீங்களே எடுத்துக்கொண்டால் போடலாம்’ என்றது. இந்த இடத்தில் சிலர் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் நகையை அடகு வைத்து ஆயிரம் பிரதி அடித்துவிடுகிறார்கள். அதில் எண்பது வெளியீட்டு விழாவில் போகும், மிச்சம் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் போகும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் கரையான்தான் முழுமையாகப் படித்த வாசகர்.

1920-ல் கடையத்தில் இருந்தபோது பாரதி தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சாதாரணமாக விற்றுப்போகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை, அடுத்த ஆண்டு அவரும் இல்லை. அவருக்கே அந்தக் கணக்கு கூடிவரவில்லை என்றால் நாம் நூறில் தொடங்குவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முதலில் ஐம்பது வாசகர், பிறகு நூறு பிரதி. இந்த வரிசையில்தான் கீழே உள்ள எல்லாமே.

அனுப்பும் நோட்டு

இதழ்களை விட்டுவிட வேண்டாம், ஆனால் காத்துக்கிடக்கவும் வேண்டாம். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: கதை, இதழ், அனுப்பிய தேதி, பதில், அடுத்து எங்கே. கடைசிக் கட்டத்தை அனுப்பும் அன்றே நிரப்பிவிட வேண்டும். ‘அடுத்து எங்கே’ என்பது முன்பே எழுதியிருந்தால், மறுப்பு வந்த அன்று மனம் சோர்ந்தாலும் கை வேலையைச் செய்துவிடும்.

90 நாள் கணக்கு வையுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால், ‘இக்கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுத்தான் ஒரே கதை இரண்டு இதழ்களில் ஒரே மாதம் வந்துவிடுகிறது. அதன்பிறகு இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரைப் பார்த்தாலே ஒதுக்குவார்கள்.

ஒரு கதை நான்கு இடங்களில் பதில் இல்லாமல் திரும்பினால், ஐந்தாவது இடத்துக்கு அனுப்பும் முன் முதல் பக்கத்தை மட்டும் திருத்துங்கள். குவியலில் ஆசிரியர் படிப்பது பெரும்பாலும் அதைத்தான். புதியவர்களின் கதைகளில் முதல் பக்கம் முழுக்க விடியல், பறவை, காபி என்று போய், கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும். அந்த மூன்றாம் பக்கத்தை முதலாக்கிப் பாருங்கள்.

முதல் பதினைந்து பேர்

அச்சகத்துக்குப் போகும் முன் கதைகள் பதினைந்து பேர் கண்ணில் பட வேண்டும். வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் இந்தப் பதினைந்தில் சேர மாட்டார்கள். அவர்கள் உங்களைத்தான் படிப்பார்கள், கதையை அல்ல. நூலகத்தில் தினம் பார்க்கும் ஓய்வுபெற்றவர், உங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பேசுகிறவர், கதை நடக்கும் தொழிலில் உள்ள ஒருவர் என்று தேடுங்கள். விசைத்தறிக் கதை என்றால் தறி ஓட்டுகிற ஒருவர் கட்டாயம் படிக்க வேண்டும். பாவு, ஊடை எங்கே மாறிப்போயிருக்கிறது என்பதை அவர் ஒரே வாசிப்பில் சொல்லிவிடுவார்.

கொடுத்துவிட்டு ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘சூப்பர்’ என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேட்க வேண்டியவை மூன்று. எந்த இடத்தில் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள்? எந்தப் பெயரை இன்னொரு பெயரோடு குழப்பிக்கொண்டீர்கள்? கடைசியில் என்ன நடந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே பத்தியில் தடுக்கினால் கோளாறு கதையில் இருக்கிறது. ஒருவர் மட்டும் தடுக்கினால் குறித்துக்கொண்டு விட்டுவிடலாம்.

மாதம் ஒரு கதை, நேராகக் கைப்பேசிக்கு

பதினைந்தை ஐம்பதாக்க எளிய வழி வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு கதை. குழு தொடங்காதீர்கள், பத்தாம் நாள் அது ‘காலை வணக்கம்’ படங்களால் நிரம்பும். பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். ஒரு பட்டியலில் 256 எண்கள் வரை சேரும். உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அதில் அனுப்புவது போகும். ‘அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை’ என்ற புகாரில் பாதி இதனால்தான். ஆகவே முதல் செய்தியில் கதையை அனுப்பாமல், ‘மாதம் ஒரு கதை அனுப்புகிறேன், வேண்டுமானால் என் எண்ணைச் சேமித்துவிட்டு ‘சரி’ என்று பதில் போடுங்கள்’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘சரி’ சொன்னவர் மட்டும் பட்டியலில். வலிய அனுப்பப்பட்ட கதையை யாரும் படிப்பதில்லை.

கோப்பு பிடிஎஃப்தான், ஆனால் ஏ4 அளவில் வேண்டாம். ஏ4 பக்கம் கைப்பேசித் திரையில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும், வாசகர் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கும். பக்க அளவை ஏ6 (ஏ4-ல் கால்பங்கு) ஆக்கி, எழுத்தை 13 அல்லது 14 புள்ளியில், ஓரம் 8 மில்லிமீட்டரில் வையுங்கள். கோப்பின் பெயரும் கதையின் பெயராக இருக்கட்டும். ‘பைனல் நியூ 3’ என்ற பெயரில் வந்த கோப்பை மறுநாள் தேடினாலும் கிடைக்காது.

கதையின் அடியில் உங்கள் பெயர், எண், ‘அடுத்த கதை இந்தத் தேதியில்’ என்ற மூன்றும் இருக்கட்டும். சொன்ன தேதியில் அனுப்புங்கள். ஆறு மாதம் தேதி தவறாமல் அனுப்புகிறவரை வாசகர் எழுத்தாளராகவே எடுத்துக்கொள்கிறார்.

எல்லாக் கதைகளையும் இப்படிக் கொடுத்துவிடாதீர்கள். பன்னிரண்டில் ஐந்து போதும். காரணம் பின்னால், கிண்டில் பற்றிச் சொல்லும்போது வருகிறது.

மெய்ப்பும் எழுத்துருவும்

மெய்ப்பு என்பது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது. எழுத்துப் பிழைக்கு ‘வாணி’, ஒற்றுப் பிழைக்கு ‘நாவி’ என்ற இணையக் கருவிகள் இருக்கின்றன. இரண்டிலும் ஒருமுறை ஓட்டுங்கள், ஆனால் அவை சொல்வதையெல்லாம் ஏற்காதீர்கள். பாத்திரம் பேசும் பேச்சுவழக்கை அவை பிழை என்றே காட்டும். கருவிக்குப் பிறகு மனிதக் கண் வேண்டும், அதுவும் தாளில். திரையில் ஐந்துமுறை தப்பிய பிழை தாளில் முதல் தடவையே கண்ணில் குத்தும்.

தமிழுக்கே உரிய சில பிழைகள் உண்டு. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டப்பட்டிருக்கும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிக் கிடக்கும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றினால் மேற்கோள் குறிகள் விசித்திரமான குறிகளாகிவிடும், ‘ஸ்ரீ’ காணாமல் போகும். மாற்றியவுடன் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

பக்க வடிவமைப்பாளர் இன்டிசைனில் வேலை செய்தால், ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போடாவிட்டால் ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் பத்துப் பக்க பிடிஎஃப் வந்தவுடன் கெ, கே, கொ, கோ, கை வரும் சொற்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். இருபுறமும் சமன் செய்தால் வரிக்குள் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பலாம், ஆனால் வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக்கூடாது. ‘பார்க்’ என்று நிறுத்தி ‘கிறான்’ என்று தொடங்கினால் உறுத்தாது. ‘பா’ என்று நிறுத்தி ‘ர்க்கிறான்’ என்று தொடங்கினால் வாசகர் அங்கே ஒரு நொடி நின்றுவிடுவார்.

அச்சகத்தில் என்ன கேட்க வேண்டும்

கதைத் தொகுப்புக்கு வழக்கமான அளவு டெமி, அதாவது 5.5 அங்குலத்துக்கு 8.5 அங்குலம். எழுத்து 11 புள்ளி, பக்கத்துக்கு 30 வரி என்று வைத்தால் ஏறத்தாழ 210 சொற்கள் அமரும். 28,000 சொற்கள் உள்ள தொகுப்பு 133 பக்கம் வரும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், உள்ளடக்கம், சிறிய முன்னுரை சேர்ந்தால் 144. அச்சகத்தார் பாரக் கணக்கில் பேசுவார்கள். ஒரு பாரம் 16 பக்கம், 144 என்பது சரியாக 9 பாரம். 146 பக்கம் வந்தால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஏறும், மீதி வெள்ளைத்தாளாகக் கிடக்கும். அந்த நிலையில் முன்னுரையைச் சுருக்குவதே நல்லது. யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சு. ஆஃப்செட்டில் தகடு போடும் செலவு பிரதி எண்ணிக்கையில் பகிரப்படுவதால் ஐந்நூறுக்கு மேல் போனால்தான் கட்டுபடியாகும். தாள் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ அல்லது சற்று மஞ்சள் சாயல் உள்ள நேச்சுரல் ஷேட். பளீர் வெள்ளை கதைப் புத்தகத்துக்குக் கண் கூசும். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன்.

எடையை முன்கூட்டியே கணக்கிடுங்கள், தபாலில் அதுதான் காசு. டெமி தாள் ஒன்றின் பரப்பு 0.0302 சதுர மீட்டர். 144 பக்கம் என்றால் 72 தாள்; 70 ஜிஎஸ்எம்மில் 152 கிராம். அட்டை சுமார் 19 கிராம். பசையோடு 175 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், உறை சேர்த்தாலும் 250-க்குள் அடங்கும். அதே புத்தகம் 200 பக்கம் போனால் தாள் மட்டுமே 211 கிராம், அட்டையும் உறையும் சேர்ந்து 250-ஐத் தாண்டிவிடும். விரைவுத் தபாலில் 51 முதல் 250 கிராம் ஒரு கட்டணம், 251 முதல் 500 வரை அடுத்த கட்டணம். சில கிராமுக்காக ஒவ்வொரு பிரதிக்கும் கூடுதலாகக் கட்ட நேரும்.

அட்டை வடிவமைப்பவருக்கு முதுகின் தடிமன் வேண்டும். 70 ஜிஎஸ்எம்மில் 72 தாளுக்கு 6.5 மில்லிமீட்டர் வரும், ஆனாலும் அச்சகத்தாரிடம் அந்தத் தாளுக்குக் கேட்டே சொல்லுங்கள். கூட்டிப் போட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். நான்கு பக்கமும் வெட்டும்போது போவதற்கென்று 3 மில்லிமீட்டர் கூடுதல் இடம், படங்கள் 300 டிபிஐ, உள்பக்க எழுத்துகள் வேறு நிறம் கலக்காத தனிக் கறுப்பு, எழுத்துருக்கள் பிடிஎஃப்பில் பதிந்திருக்க வேண்டும்.

நூறையும் அடிக்கச் சொல்லும் முன் ஒரே ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்தாவது வாங்குங்கள். நடுப்பக்கத்தை விரித்து மேசையில் அழுத்துங்கள். பசை வெடித்தாலோ தாள் கையோடு வந்தாலோ அங்கேயே சொல்லிவிடலாம். உள்ஓரத்து எழுத்துகள் தையல் பக்கம் மறைகின்றனவா, பக்க எண்கள் வரிசையாக வருகின்றனவா, முதுகில் உங்கள் பெயரில் பிழை இல்லையா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. எல்லோரும் உள்ளே தேடிக்கொண்டிருக்க, பிழை அட்டையில்தான் ஒளிந்திருக்கும்.

எண்ணும் சட்டமும்

நூலை உலக அளவில் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் காசு கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். இதற்கென்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அச்சு நூலுக்கு ஒரு எண், மின்னூலுக்கு எண் வேண்டுமென்றால் அது வேறு எண். வடிவமைப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், அட்டை முடிந்தபிறகு எண்ணுக்காகக் காத்திருப்பது வீண்.

நூல் வெளிவந்த 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி என நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நான்கை உங்கள் நூறிலிருந்து இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

பதிப்பகம் ஒன்று முன்வந்தால் தாளில் எழுதி வாங்குங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. எத்தனை ஆண்டு என்று எழுதாமல் விட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுப் பேசுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் தனித்தனி வரிகளில் இருக்க வேண்டும்.

விலையும் கணக்கும்

எண்கள் உங்கள் ஊர் அச்சகத்தைப் பொறுத்து மாறும், கணக்கு மாறாது. ஒரு பிரதிக்கு 80 ரூபாய் அச்சுக்கூலி என்று வைத்துக்கொள்வோம். 100 பிரதிக்கு 8,000. அட்டை, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு சேர்த்து 6,000. மொத்தம் 14,000. விலையை அச்சுக்கூலியைப்போல் இரண்டரை மடங்கு வையுங்கள்: 200 ரூபாய்.

கடைக்காரர் 35 சதவீதம் கழிவு கேட்பார், உங்கள் கைக்கு 130 வரும். மதிப்புரைக்கும் சட்டப் பிரதிக்கும் 15 போனது போக மிச்சம் 85. அதில் 43 நேரடியாகவும் 42 கடை வழியாகவும் விற்றால் 8,600-ம் 5,460-ம் சேர்ந்து 14,060. போட்ட பணம் வந்துவிட்டது, 60 ரூபாய்க்கு டீ குடிக்கலாம். 1,000 பிரதி அடித்தால் கூலி 45-ஆகக் குறையலாம், ஆனால் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே 51,000 போட்டிருப்பீர்கள். முந்நூற்றுச் சொச்சம் விற்றால்தான் கரை ஏறும். முதல் புத்தகத்துக்கு முந்நூறு வாசகர் என்பது சின்ன எண் அல்ல. அரசு நூலகங்கள் வாங்கும் நூலக ஆணை வரும், அதில் போய்விடும் என்று நம்பி ஆயிரம் அடிக்காதீர்கள். வந்தால் அப்போது அடித்துக்கொள்ளலாம்.

கைக்குக் கை

எழுத்தாளர் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழ் நடத்திய காலத்தில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்று சுமை குறைவு. கூச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. புத்தகம் வருவதற்கு இருபது நாள் முன்பே உங்கள் பட்டியலில் உள்ளவர்களிடம் முன்பதிவு கேளுங்கள். செய்தியில் அட்டைப் படம், விலை, தபால் செலவு, யுபிஐ எண், அனுப்பும் தேதி இவ்வளவுதான் வேண்டும். ‘தங்கள் மேலான ஆதரவை நாடும்’ எல்லாம் வேண்டாம். பணம் அனுப்பியவரிடம் முகவரியைத் தட்டச்சில் வாங்குங்கள், பின்கோடும் கைப்பேசி எண்ணும் கட்டாயம்.

பதிவு புத்தகத் தபால் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, பழைய கட்டுரைகளை நம்பிப் போய் நிற்காதீர்கள். 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற புத்தகச் சேவை இருக்கிறது. 5 கிலோ வரை அனுப்பலாம், கட்டணம் 20 ரூபாயில் தொடங்குகிறது, வரி தனி. தரைவழியில் போவதால் நாளாகும். நூலில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தார் பெயர் இருக்க வேண்டும், உள்ளே விளம்பரம் கூடாது. உங்கள் கதைநூலை அதில் ஏற்கிறார்களா என்று ஒரு பிரதியோடு போய்க் கேட்டுவிடுங்கள். அவசரம் என்றால் விரைவுத் தபால்.

உறையில் போடும் முன் புத்தகத்தை ஒரு பாலிதீன் உறையில் சுற்றி, இரண்டு பக்கமும் அட்டைத் துண்டு வைத்துவிடுங்கள். மூலை மடங்கிய புத்தகத்தைப் பற்றி வாசகர் குறை சொல்ல மாட்டார், அடுத்ததை வாங்கவும் மாட்டார்.

கடைகளுக்கு ஐந்தைந்தாகக் கொடுங்கள், இருபத்தைந்தாக வேண்டாம். செலான் (எத்தனை பிரதி கொடுத்தீர்கள் என்ற சீட்டு) இரண்டு பிரதி எழுதி ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்று அதிலேயே குறியுங்கள். செலான் இல்லாமல் கொடுத்தது அன்பளிப்புக் கணக்கில்தான் சேரும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தனி எழுத்தாளர் கடை போடுவது எளிதல்ல, அதனால் தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் வைக்கக் கேளுங்கள். வாசகருக்குக் கொடுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி யார் பங்கில் போகிறது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா அலுவலகத்தில் உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களை வைக்க இடம் உண்டா என்றும் விசாரியுங்கள்.

கிண்டில்

எழுத்தாளரே மின்னூல் ஏற்றி விற்கும் அமேசானின் கேடிபி சேவை 2016 டிசம்பரிலிருந்து தமிழை ஏற்கிறது. யூனிகோடு கோப்பு, 1600-க்கு 2560 பிக்சல் அட்டை, பான் எண், வங்கிக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே ஏற்றலாம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35. சேர்ந்தால் அந்த 90 நாள் மின்வடிவில் அந்த எழுத்து வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகவும் கூடாது. மேலே ஐந்து கதைகளோடு நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். கைப்பேசிக்கு அனுப்பிய ஐந்தை விட்டுவிட்டு, மற்ற ஏழை மட்டும் தனி மின்னூலாக ஏற்றுங்கள். தேடல் சொற்களுக்கு ஏழு கட்டங்கள் உண்டு. இரண்டிலாவது நூல் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள், தமிழில் தட்டித் தேடுகிறவர் குறைவு. பணம் விற்ற மாதத்தின் கடைசியிலிருந்து சுமார் 60 நாள் கழித்து வரும்.

அடுத்த நூறு

முதல் நூறில் பத்துப் பிரதி மிச்சம் இருக்கும்போதே அடுத்த அச்சுக்குத் தயாராகுங்கள். உங்கள் சொந்தப் பிரதி ஒன்றை வாசகர்கள் சொன்ன பிழைகளைக் குறிப்பதற்கென்றே வையுங்கள். பக்க எண், வரி, சரியான சொல் மூன்றையும் சிவப்பு மையில் எழுதுங்கள். வடிவமைப்பாளரிடம் பிடிஎஃப் மட்டும் வாங்கியிருந்தால் ஓர் எழுத்தைத் திருத்தவும் மறுபடி அவரிடம்தான் போக வேண்டும். மூலக்கோப்பையும் எழுத்துருவையும் கூலி கொடுக்கும் அன்றே பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். இரண்டாம் அச்சின் மாதத்தையும் ஆண்டையும் பதிப்புப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிழை திருத்தி மறுபடி அடிப்பதற்கு அதே ஐஎஸ்பிஎன் போதும்.